நமக்குத் தெரிந்த வில்லன், தெரியாத டைரக்டர்

1994-ல் வந்த 'காதலன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் வரும் கவர்னரை நன்றாக நினைவிருக்கும். வெளியே கண்ணியமான பெரிய மனிதர், உள்ளே சதிகாரர். குரலை உயர்த்தாமலே மிரட்டிய அந்த நடிகர் யார் என்று எந்தத் தமிழ் ரசிகரைக் கேட்டாலும் 'கிரீஷ் கர்னாட்' என்று பதில் வந்துவிடும். 'மின்சாரக் கனவு' படத்தில் கஜோலின் தகப்பனாராகவும், 'ஹே ராம்' படத்தில் கமலஹாசனின் அய்யங்கார் மாமனாராகவும் வந்தவரும் அவர்தான்.

இதே பெயரைத் தில்லியில் மண்டி ஹவுஸ் பக்கம் சொல்லிப் பாருங்கள். அங்கே நாடகம் பார்க்க வருகிறவர்கள் கவர்னரைப் பற்றிப் பேசமாட்டார்கள். 'துக்ளக்' நாடகம் எழுதியவர், 'ஹயவதனா' எழுதியவர், சங்கீத நாடக அகாதமியின் தலைவராக இருந்தவர் என்பார்கள். பெங்களூரில் கேட்டால், 'காடு' படத்தின் டைரக்டர், 'சம்ஸ்காரா'வின் பிராணேசாசாரியார் என்பார்கள்.

ஒரே மனிதரை மூன்று ஊர்கள் மூன்று விதமாக அறிந்து வைத்திருக்கின்றன. அதில் நம் பங்குக்குக் கிடைத்தது வில்லனும் மாமனாரும் மட்டுமே. இது கொஞ்சம் வேடிக்கையான சமாசாரம். ஏனென்றால் கர்னாடின் கலைவாழ்க்கைக்கு அஸ்திவாரம் விழுந்த ஏழு வருஷங்களை அவர் சென்னையில்தான் கழித்தார். நம் வீட்டுத் திண்ணையில் ஏழு வருஷம் இருந்தவரை நாம் கவனிக்கவில்லை; ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த தில்லி கவனித்தது. அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது தலைநகரில் வாழும் தமிழர்களுக்குப் பயன்படும்.

எந்த ஊர்க்காரர்?

கிரீஷ் கர்னாட் 1938 மே 19-ந் தேதி பம்பாய்க்கு அருகே மாதேரான் மலைவாசஸ்தலத்தில் பிறந்தார். வீட்டு மொழி கொங்கணி. தகப்பனார் டாக்டர் ரகுநாத் கர்னாட் பம்பாய் மாகாண அரசின் மருத்துவ இலாகாவில் வேலை பார்த்தவர். தாயார் கிருஷ்ணாபாய் இளம் வயதிலேயே விதவையானவர். கையில் ஒரு பிள்ளை. நர்ஸ் வேலைக்குப் படித்து, பிறகு டாக்டர் கர்னாடை மறுமணம் செய்துகொண்டார். விதவைக்கு மறுமணமா என்று ஊர் பேசிய காலம் அது. அந்தப் பேச்சுக்கு அஞ்சியே கல்யாணம் சில வருஷங்கள் தள்ளிப்போயிற்று. ஆரிய சமாஜ முறைப்படிதான் கடைசியில் நடந்தது.

கர்னாட் பிறப்பதற்கு முன், ஏற்கனவே குழந்தைகள் இருக்கின்றனவே, இது வேண்டாம் என்று அவருடைய தாயார் புனாவில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனாராம். டாக்டர் அன்று வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். இந்தக் கதையைத் தாயார் வாயாலேயே கேட்ட கர்னாட், 2011-ல் கன்னடத்தில் வெளிவந்த தம் சுயசரிதையை, அன்றைக்கு வராமல் போன அந்த டாக்டருக்கே காணிக்கையாக்கினார். அந்தப் புத்தகத்தின் பெயர் 'ஆடாடத ஆயுஷ்ய'.

சிறு வயது வடகன்னட மாவட்டத்தின் சிர்சியில் கழிந்தது. மின்சாரம் எட்டிப்பார்க்காத ஊர். ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளையும், விடிய விடிய நடக்கும் யட்சகானத்தையும் பார்த்து வளர்ந்தார். பிறகு குடும்பம் தார்வாருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கர்னாடக கல்லூரியில் கணிதமும் புள்ளியியலும் படித்து 1958-ல் பட்டம் பெற்றார்.

ராஜாஜி எழுதிய பாரதம்

அந்த வயதில் அவருக்கு ஒரே ஆசை, ஆங்கிலக் கவிஞராக வேண்டும் என்பது. ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து ஆக்ஸ்போர்டுக்குக் கிளம்பத் தயாரானார். பெற்றோருக்குக் கவலை. பையன் திரும்பி வருவானா? அங்கேயே யாரையாவது கட்டிக்கொண்டு தங்கிவிடுவானோ? பெரியவர்களின் நிம்மதிக்காகச் சின்னவன் தன் வாழ்க்கையை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி அவரை வாட்டியது.

அந்தச் சமயத்தில் அவர் கையில் இருந்த புத்தகம் ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய மகாபாரதம். தமிழில் 'வியாசர் விருந்து' என்று நாம் படித்த அதே பாரதம்தான். அதில் யயாதியின் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. சாபத்தால் முதுமை அடைந்த அரசன் தன் மகனிடம் இளமையைக் கடன் கேட்கிறான். மகன் புரு கொடுத்துவிடுகிறான். கர்னாட் இதில் ஒரு பாத்திரத்தைத் தாமாகச் சேர்த்தார். புருவின் இளம் மனைவி சித்ரலேகா. புருஷன் ஒரே நாளில் கிழவனாகி நிற்கிறானே, என் கதி என்ன என்று மாமனாரைக் கேட்கிறவள் அவள்.

நாடகத்தை எழுதி முடித்தபோதுதான் ஆசிரியருக்கே ஆச்சரியம். ஆங்கிலத்தில் வந்திருக்க வேண்டியது கன்னடத்தில் வந்திருந்தது. தார்வாரின் மனோகர கிரந்தமாலா 1961-ல் 'யயாதி'யை வெளியிட்டது. ஆக்ஸ்போர்டில் அவர் நன்றாகவே படித்தார். மாணவர் மன்றமான ஆக்ஸ்போர்டு யூனியனுக்குத் தலைவராகவும் வந்தார். ஆனால் கன்னட நாடகாசிரியராகவே 1963-ல் ஊர் திரும்பினார். ஒரு தமிழர் எழுதிய புத்தகம், கொங்கணி பேசும் இளைஞரைக் கன்னட எழுத்தாளராக்கியது.

சென்னையில் ஏழு வருஷம்

திரும்பியவருக்கு வேலை கிடைத்தது சென்னையில். ஆக்ஸ்போர்டு யூனிவர்சிடி பிரஸ்ஸின் சென்னைக் கிளையில் 1963 முதல் 1970 வரை பணியாற்றினார். மாலை நேரங்களில் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' என்ற ஆங்கில அமெச்சூர் நாடகக் குழுவில் சேர்ந்து நடித்தார். அங்கேதான் ஸ்நேகலதா ரெட்டி, அவருடைய கணவர் தெலுங்குக் கவிஞர் பட்டாபிராம ரெட்டி ஆகியோரின் நட்புக் கிடைத்தது.

1964-ல் 'துக்ளக்' வெளிவந்தது. ஆசிரியருக்கு வயது இருபத்தாறு. 1325 முதல் 1351 வரை தில்லியை ஆண்ட முகம்மது பின் துக்ளக், தலைநகரைத் தில்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றியதும், பித்தளை, செப்பு நாணயம் அடித்து கஜானாவைக் கோட்டைவிட்டதும் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரிந்த கதை. பைத்தியக்கார ராஜா என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். கர்னாட் அங்கேதான் நின்று பார்த்தார். அவருடைய துக்ளக் மகா புத்திசாலி, சதுரங்கப் புலி, இந்துவும் முஸ்லிமும் தன் ஆட்சியில் சமம் என்று உண்மையாகவே நம்பியவன். அப்படிப்பட்டவன் ஏன் ரத்த ஆற்றில் முடிகிறான்? நேரு காலத்தின் பெரிய கனவுகள் வாடத் தொடங்கிய வருஷம் அது. படித்தவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து இதே சுல்தான் தமிழ் மேடைக்கும் வந்தார். சோ ராமசாமியின் 'முகம்மது பின் துக்ளக்' 1968-ல் நாடகமாகவும் 1971-ல் திரைப்படமாகவும் வந்து தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தது. இரண்டும் வேறு வேறு. சோவின் துக்ளக் இந்தக் காலத்து அரசியல்வாதியைக் கேலி செய்யப் போட்ட வேஷம். கர்னாடின் துக்ளக் தன்னைத் தானே தோற்கடித்துக்கொண்ட லட்சியவாதி. ஒரே ஊரில் சில வருஷ இடைவெளியில் இரண்டு துக்ளக்குகள் உருவாகியும், கன்னட துக்ளக்கைப் பற்றித் தமிழ் நாடக உலகில் பெரிய பேச்சு எழவில்லை. சென்னைக்கும் கன்னடத்துக்கும் நடுவே கதவு இருந்தது. திறக்க ஆள் இல்லை.

தில்லியில் கதவைத் திறந்தவர்

தில்லியில் ஆள் இருந்தார். அவர் பெயர் பி.வி. கரந்த்.

கரந்தின் கதையே ஒரு நாடகம். சிறுவனாக வீட்டை விட்டு ஓடி, குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பையனின் ஆர்வத்தைக் கண்ட வீரண்ணா, இந்தி எம்.ஏ. படிக்க அவரைக் காசிக்கு அனுப்பி வைத்தார். பிறகு தில்லியில் தேசிய நாடகப் பள்ளியில் சேர்ந்து 1962-ல் தேறினார். தில்லியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தார். பிழைப்புக்காகத் தலைநகர் வந்த தென்னிந்தியர். தாய்மொழியையும் விடவில்லை, இந்தியையும் நன்றாகக் கற்றார். இந்தக் கரந்த்தான் 'துக்ளக்' நாடகத்தை இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார்.

அந்த மொழிபெயர்ப்பு வந்ததும் நாடகத்தின் ஜாதகமே மாறிவிட்டது. தேசிய நாடகப் பள்ளி 1960-களிலேயே அதை மேடையேற்றியது. பிறகு 1970-களின் முற்பகுதியில், பள்ளியின் டைரக்டராக இருந்த இப்ராகிம் அல்காஸி அதைப் புராணா கிலாவுக்கே கொண்டுபோனார். மிருகக்காட்சி சாலைக்குப் போகும்போது நாம் பார்க்கும் அதே பழைய கோட்டைதான். அதன் மதில்களும் படிகளும்தான் நாடகத்துக்குக் காட்சி ஜோடனை. மனோகர் சிங் சுல்தானாக நடித்தார். அந்த நடிப்பைப் பற்றித் தில்லியின் பழைய நாடக ரசிகர்கள் வெகு காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். அல்க் பதம்ஸி பம்பாயில் போட்டதற்காகக் கர்னாடே 1970-ல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். கன்னடத்தில் எழுதிய ஒரு நாடகம் பத்து வருஷத்துக்குள் இந்திய நாடகமாகிவிட்டது. 2012-ல் பானு பாரதி அதைப் பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளுக்கு நடுவே மீண்டும் போட்டார். பெரோஸ் ஷா, முகம்மது பின் துக்ளக்கை அடுத்துப் பட்டத்துக்கு வந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

'ஹயவதனா'வுக்கும் கரந்தே தூண்டுகோல். இரண்டு நண்பர்களின் தலைகள் உடல் மாறிப் பொருந்திவிடும் கதையைச் சினிமாவுக்கு ஆகும் என்று கர்னாட் சொல்ல, இது நாடகம் ஐயா, நாடகமாக எழுதும் என்று கரந்த் திருப்பிவிட்டாராம். 1971-ல் வந்த அந்த நாடகம் யட்சகானத்தின் பாகவதரையும், முகமூடியையும், அரைத் திரையையும் நவீன மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தது. சிர்சியில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்த வித்தைகள் தில்லியில் புதுமையாகப் பேசப்பட்டன.

அக்கிரகாரத்துப் பிணம்

இனி சினிமாவுக்கு வருவோம். யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' நாவல் 1965-ல் வந்தது. ஓர் அக்கிரகாரத்தில், ஆசாரத்தையெல்லாம் விட்டு, மாமிசம் தின்று, தாழ்ந்த சாதிப் பெண்ணோடு வாழ்ந்த நாரணப்பா செத்துப்போகிறான். பிணத்துக்குக் கொள்ளி வைப்பது யார்? வைக்கலாமா, கூடாதா? சாஸ்திரம் அறிந்த பிராணேசாசாரியார் ஏடுகளைப் புரட்டுகிறார், விடை கிடைக்கவில்லை. பிணம் கிடக்கிறது; ஊரில் பிளேக் பரவுகிறது. விடை தேடிப் போன ஆசாரியாரே அந்தப் பெண்ணின் அரவணைப்பில் விழுகிறார்.

இதைப் படமாக்கத் துணிந்தது சென்னையில் சேர்ந்த அந்த நண்பர் குழுதான். தயாரித்து இயக்கியவர் பட்டாபிராம ரெட்டி. திரைக்கதை எழுதி பிராணேசாசாரியாராக நடித்தவர் கர்னாட். நாரணப்பாவாக எழுத்தாளர் பி. லங்கேஷ், சந்திரியாக ஸ்நேகலதா ரெட்டி. காமிரா, டாம் கவன் என்ற ஆஸ்திரேலியர். கலை, சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த எஸ்.ஜி. வாசுதேவ். சிருங்கேரி அருகே ஒரு கிராமத்தில் படப்பிடிப்பு. பேர்போன நட்சத்திரம் ஒருவரும் இல்லை. படத்தில் பாட்டும் கிடையாது.

1970-ல் சென்னைத் தணிக்கைக் குழு படத்துக்குத் தடை போட்டது. சாதிப் பகையைக் கிளறிவிடும் என்று பயம். விவகாரம் தில்லிக்கு, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் போயிற்று. தடை நீங்கியது. நீங்கியதோடு நில்லாமல், அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஜனாதிபதி தங்கப் பதக்கமும் 'சம்ஸ்காரா'வுக்கே கிடைத்தது. கன்னடப் படம் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. சென்னையில் தடுக்கப்பட்ட படம் தில்லியில் முடிசூட்டப்பட்டது.

அந்தக் குழுவினர் சினிமாவில் மட்டும் துணிச்சல் காட்டியவர்கள் அல்லர். ஸ்நேகலதா ரெட்டி அவசர நிலைக் காலத்தில் பெங்களூர் சிறையில் எட்டு மாதம் அடைபட்டு, ஆஸ்துமாவால் நலிந்து, வெளியே வந்த சில நாட்களில் 1977 ஜனவரியில் உயிர்நீத்தார்.

டைரக்டர் கர்னாட்

1970-ல் கர்னாட் வேலையை விட்டார். மறு வருஷம் கரந்தோடு சேர்ந்து 'வம்ச விருட்சா'வை டைரக்ட் செய்தார். எஸ்.எல். பைரப்பாவின் நாவல் அது. காத்யாயனி என்ற இளம் விதவை கல்லூரிக்குப் போகிறாள், காதலிக்கிறாள், மறுமணம் செய்துகொள்கிறாள். புகுந்த வீட்டிலேயே விட்டுவந்த பிள்ளை அவளை ஏற்கவில்லை. தம் தாயார் நடந்து வந்த பாதையை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்த்தால், இதை எடுத்தவருக்கு இது வெறும் நாவல் கதையாக இருந்திருக்க முடியாது என்று தோன்றும். 1971-ம் ஆண்டின் சிறந்த டைரக்ஷனுக்கான தேசியப் பரிசு இருவருக்கும் கிடைத்தது. பின்னாளில் கன்னடத்தின் பெரிய நட்சத்திரமான விஷ்ணுவர்தன் சிறு வேடத்தில் அறிமுகமானதும் இந்தப் படத்தில்தான்.

1973-ல் தனியாக எடுத்தது 'காடு'. ஸ்ரீகிருஷ்ண ஆலனஹள்ளியின் நாவல். இரண்டு கிராமங்களுக்கிடையே மூளும் பகையை, மாமன் வீட்டில் வளரும் கிட்டி என்ற சிறுவனின் கண் வழியாகக் காட்டுகிறது படம். பெரியவர்களின் ஆசையும் வெறியும் அவனுக்குப் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. அந்த அரைகுறைப் புரிதல்தான் படத்தின் பலம். அம்ரீஷ் புரி என்ற பெயரை ஊர் அறியாத காலத்தில் அவரை இதில் நடிக்க வைத்தார். காமிரா பிடித்தவர் கோவிந்த் நிஹலானி. தேசிய அளவில் இரண்டாவது சிறந்த படமாகத் தேர்வாயிற்று. சிறந்த நடிகை, சிறந்த குழந்தை நட்சத்திரம் பரிசுகளும் இந்தப் படத்துக்கே வந்தன.

1978-ல் 'ஒந்தானொந்து காலதல்லி'. 'முன்னொரு காலத்திலே' என்று பொருள். கூலிக்குப் போர் செய்யும் வீரர்களின் கதை. ஜப்பானிய மேதை குரோசாவாவின் படங்களுக்குச் செலுத்திய மரியாதை. இதில் கதாநாயகனாக அறிமுகமான சங்கர் நாக், 1979 ஜனவரியில் தில்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளி மயில் விருதைப் பெற்றார். இந்தியில் 'உத்ஸவ்' (1984), 'செலுவி' (1992), மீண்டும் கன்னடத்தில் குவெம்புவின் நாவலை வைத்து 'கானூரு ஹெக்கடிதி' (1999) என்று அவருடைய டைரக்ஷன் தொடர்ந்தது.

பதவியும் மனசாட்சியும்

தில்லி அரசாங்கத்தோடு கர்னாடுக்கு இருந்த உறவு நேர்கோடாக இருக்கவில்லை. 1974-ல் பத்மஸ்ரீ வந்தது. அதே வருஷம் புனா திரைப்படக் கல்லூரியின் டைரக்டர் பதவியும் வந்தது. அவசர நிலை வந்த 1975-ல் அந்தப் பதவியை விட்டு விலகினார். அந்தக் குறுகிய காலத்தில் மாணவர்கள் அவரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் நசிருத்தீன் ஷா. ஷியாம் பெனகல் 'நிஷாந்த்' படத்துக்கு நடிகர் தேடியபோது, தம்மை எதிர்த்துக் கோஷம் போட்ட அதே மாணவரின் பெயரைத்தான் கர்னாட் சொன்னார். நசிருத்தீன் ஷா அந்த நன்றியைத் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1988 முதல் 1993 வரை சங்கீத நாடக அகாதமியின் தலைவர். மண்டி ஹவுஸ் அருகே ரவீந்திர பவனில் இருக்கிறது அந்த அலுவலகம். பட்டுச் சால்வை போர்த்தி, திறப்பு விழாக்களுக்குத் தலைமை தாங்கிக் காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் 'தலெதண்ட' எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணரின் சரணர் இயக்கம் சாதியை மறுத்து ஒரு கலப்புக் கல்யாணம் நடத்தி, அதனால் ஊரே ரத்தத்தில் மிதந்த வரலாறு. மண்டலும் மந்திரும் தெருவுக்கு வந்துகொண்டிருந்த 1989-ல் எழுதியது. 'ரக்த கல்யாண்' என்ற பெயரில் இந்தியில் 1992-ல் தில்லியில் அதை மேடையேற்றியவரும் அல்காஸியே. 1994-ல் இந்த நாடகத்துக்குச் சாகித்ய அகாதமி பரிசும், 1998-ல் ஞானபீடமும் அவருக்குக் கிடைத்தன.

வயிற்றுப்பாட்டுக்கு நடிப்பு

நாடகம் சோறு போடாது என்பது தமிழ்நாட்டில் மட்டும் உள்ள பழமொழி அல்ல. வணிகப் படங்களில் நடிப்பது பணத்துக்காகவே. அந்தப் பணம்தான் எனக்கு எழுத நேரம் வாங்கித் தருகிறது என்பதைக் கர்னாட் ஒளித்ததே இல்லை. ரஜினிகாந்த் படமானாலும் சல்மான்கான் படமானாலும் கொடுத்த வேஷத்தை ஒழுங்காகச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய் எழுதினார்.

நல்ல வேஷங்களும் வாய்க்காமல் இல்லை. 1976-ல் வந்த 'மந்தன்' படத்தின் டாக்டர் ராவ் மறக்க முடியாதவர். குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து லட்சம் பேர் தலைக்கு இரண்டு ரூபாய் போட்டுத் தயாரித்த படம் அது. 1980-களில் தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' பார்த்த தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஸ்வாமியின் கண்டிப்பான அப்பாவைத் தெரியும். ஆர்.கே. நாராயண் என்ற தமிழர் ஆங்கிலத்தில் எழுதியதை, சங்கர் நாக் என்ற கன்னடர் இந்தியில் எடுத்தார். இசை நம்முடைய எல். வைத்தியநாதன். அப்பா வேஷத்தில் கொங்கணிக்காரர். பார்த்தவர்கள் யாரும் இது எந்த மொழிக் கதை என்று கேட்கவில்லை. சங்கர் நாக் 1990-ல் ஒரு கார் விபத்தில் முப்பத்தைந்து வயதில் மறைந்தது இன்றும் கன்னடர்களுக்கு ஆறாத வருத்தம்.

பாலம் கட்டியவர்கள்

கர்னாடின் வாழ்க்கை முழுக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அவருக்கு முக்கியமான ஒவ்வொரு திருப்பத்திலும் சொந்த ஊரை விட்டு வெளியே வாழ்ந்த யாராவது ஒருவர் நிற்கிறார். துக்ளக்குக்குக் கரந்த். 'நாகமண்டலா'வுக்கு ஏ.கே. ராமானுஜன். மைசூரில் பிறந்த தமிழ் அய்யங்கார்; சிகாகோவில் பேராசிரியர்; சங்கப் பாடல்களை ஆங்கில உலகம் வியந்து படிக்கும்படி மொழிபெயர்த்தவர். கர்நாடகக் கிராமத்துப் பாட்டிகளிடம் ராமானுஜன் சேகரித்த நாட்டுக் கதைகளில் இருந்துதான் 1988-ல் 'நாகமண்டலா' பிறந்தது. 'சம்ஸ்காரா' நாவலை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே.

தமிழுக்கும் கடைசியில் ஒரு கரந்த் கிடைத்தார். தொலைபேசி இலாகா வேலையாகக் கர்நாடகம் போன எழுத்தாளர் பாவண்ணன் அங்கே கன்னடம் கற்றுக்கொண்டு, 'நாகமண்டலம்', 'அக்னியும் மழையும்' முதலிய கர்னாட் நாடகங்களைத் தமிழாக்கினார். சென்னையில் ஏழு வருஷம் இருந்தவரின் எழுத்து, கர்நாடகத்துக்குப் பிழைக்கப் போன ஒரு தமிழர் மூலமாகத்தான் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, இங்கே இருந்துகொண்டே 'ஔரங்கசீப்' என்ற தமிழ் நாடகத்தை எழுதினார். அது இந்தியிலும் மேடையேறியது. ஆனால் இப்படிச் சொல்ல எத்தனை பெயர்கள் நமக்கு உண்டு? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆர்.கே. புரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது, கர்நாடக சங்கமும் இருக்கிறது. நம்மவர்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளில் தமிழும் இந்தியும் ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வெளியே வந்திருக்கிறார்கள். காய்கறிக்காரரிடம் இந்தியில் பேரம் பேசிவிட்டுப் படியேறி வந்து பாட்டியிடம் தமிழில் பேசுகிற பிள்ளைகள். இந்த இரண்டு நாக்கும் சென்னையில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத சொத்து. இதை நாம் வேலைக்கும் ரேஷன் கார்டுக்கும்தான் பயன்படுத்துகிறோம். 'தமிழ் படித்து என்ன ஆகப்போகிறது?' என்று பெற்றோர் கேட்கும் கேள்விக்குத் தில்லியில் ஒரு பள்ளி வாத்தியாராக இருந்த கரந்தே பதில். கன்னடம் படித்த ஒருவர், கூடவே இந்தியும் படித்திருந்ததால், ஒரு சக கலைஞரின் நாடகம் புராணா கிலா ஏறியது. தமிழில் மேடையேறக் காத்திருக்கும் நாடகங்கள் இருக்கின்றன. அவற்றை இந்தியில் தர வேண்டியவர்கள் கரோல் பாக்கிலும் முனிர்க்காவிலும் மயூர் விஹாரிலும் இருக்கிறார்கள்.

கடைசி வேஷம்

2018 செப்டம்பரில், பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் சுட்டுக் கொல்லப்பட்ட முதல் நினைவு நாளில், பெங்களூரில் நடந்த கூட்டத்துக்குக் கர்னாட் வந்தார். 'சம்ஸ்காரா'வில் நாரணப்பாவாக நடித்த பழைய தோழர் லங்கேஷின் மகள் அவர். நுரையீரல் நோயால் மூக்கில் பிராணவாயுக் குழாய். கழுத்தில் 'நானும் நகர நக்ஸல்' என்று எழுதிய அட்டை. அது சரியா தவறா என்று அப்போது பலத்த வாதம் நடந்தது. அவர் மேல் போலீசில் புகாரும் போயிற்று. எண்பது வயதில், மூச்சுக்குத் தவிக்கும் ஒருவர், வீட்டில் இருந்திருக்கலாம். வந்தார் என்பது மட்டும் மறுக்க முடியாதது.

அதே வருஷம் தலைக்கோட்டைப் போரைப் பற்றி 'ராக்ஷஸ தங்கடி' என்ற கடைசி நாடகத்தை வெளியிட்டார். 2019 ஜூன் 10-ந் தேதி பெங்களூரில் காலமானார். அரசு மரியாதை வேண்டாம், சடங்கு வேண்டாம் என்பது அவர் விருப்பம். குடும்பத்தார் அதை அப்படியே நிறைவேற்றினார்கள்.

தொலைக்காட்சியில் 'காதலன்' இன்னும் அடிக்கடி வருகிறது. அடுத்த முறை அந்தக் கவர்னர் திரையில் தோன்றும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் துக்ளக்கின் கதையை ஒரு வரி சொல்லி வையுங்கள். அந்த சுல்தான் கட்டிய ஜஹான்பனாவின் இடிந்த சுவர்கள் பேகம்பூர் பக்கம் இன்னும் நிற்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.